இராமலிங்க விலாசம்

இராமேசுவரத்துக்குச் செல்லும் புகைவண்டி இராமநாதபுரத்தில் நிற்கும்போது, பெட்டியிலுள்ள யாத்திரிகர்களுள் பலர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “பாம்பன் வந்துவிட்டதா?” என்று கேட்பர். இல்லை என்று தெரிந்ததும் மீண்டும் சாய்ந்து உட்கார்ந்துவிடுவர். கடலையும் பாலத்தையும் கோபுரத்தையும் காணும் ஆவல் அவர்களுக்கு. அது குற்றமன்று. ஆயினும் அவர்கள் இறங்காமல் விட்டுப்போகும் அந்தச் சிற்றூர் ஒரு நாட்டின் தலைநகராய் இருந்தது. அவர்கள் நடக்கப் போகும் இராமேசுவரத்துப் பிராகாரங்களைக் கட்டுவித்த மன்னர்கள் இருந்து அரசாண்ட இடம் அது. அவ்வூரில், பழைய கோட்டைக்குள், இன்றும் நின்று நிலவும் ஒரு மாளிகையைப் பற்றியே இப்போது பேச விரும்புகிறேன். அதன் பெயர் இராமலிங்க விலாசம்.

சேதுவைக் காக்கும் கடமை பூண்டவர்கள் சேதுபதிகள். இராமநாதபுரம் சீமையை ஆண்ட மறவர் குல மன்னர்கள் இப்பெயரைத் தம் பட்டமாகவே கொண்டிருந்தார்கள். காடும் கரம்பும் கடற்கரையும் சூழ்ந்த வழியில், வடநாட்டிலிருந்து நடந்தே வரும் யாத்திரிகரைக் கள்வரிடமிருந்தும் பசியிடமிருந்தும் காத்து, இராமநாதசுவாமியின் சந்நிதிக்குக் கொண்டு சேர்ப்பதே அவர்களுடைய பெருமைக்கு அடிப்படை. முதலில் அவர்களுடைய தலைநகரம் போகலூர். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பட்டத்துக்கு வந்த இரகுநாத சேதுபதி, வரலாறு கிழவன் சேதுபதி என்று அழைக்கும் மன்னர், தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றினார், கோட்டையை வலுப்படுத்தினார், இந்த மாளிகையை எழுப்பினார். இப்பணிகளில் கீழக்கரை வள்ளல் சீதக்காதி மரைக்காயரின் துணையும் இருந்தது என்று சேதுநாட்டு மரபு கூறும்.

கிழவன் சேதுபதி எளிதில் எடைபோட முடியாத மனிதர். மதுரை நாயக்கருக்கு அடங்கிய பாளையக்காரர் என்ற நிலையை உதறித் தனியரசராய் நின்றவர் அவர். 1702-ஆம் ஆண்டில் இராணி மங்கம்மாள் அனுப்பிய படையைத் தோற்கடித்தார். அப்போரில் தளவாய் நரசப்பய்யர் மாண்டார். கிறித்துவத் துறவி அருளானந்தரை, ஜான் டி பிரிட்டோ என்று உலகம் அறிந்தவரை, 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் வெட்டிக் கொன்றதும் அவருடைய ஆட்சியில்தான். ஒரு கையால் இசுலாமிய வணிகரை உடன்பிறந்தார் போலத் தழுவிக்கொண்ட மன்னர், மறு கையால் ஒரு துறவியைக் கொலைக்களத்துக்கு அனுப்பினார். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றொன்றை விழுங்கிவிடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

இனி மாளிகைக்குள் போவோம். உயர்ந்த பீடத்தின் மேல், சுமார் 150 அடி நீளமும் 65 அடி அகலமும் உடையதாய் அமைந்தது இக்கட்டடம். அரண்மனை என்ற சொல்லைக் கேட்டதும் திருமலை நாயக்கர் மகாலின் வானளாவிய தூண்களை மனத்தில் நிறுத்திக்கொண்டு வருகிறவர்கள் இங்கே சற்று ஏமாந்துபோகக்கூடும். இதன் அழகு வேறு. படியேறினால் முதலில் தூண்கள் வரிசையிட்ட ஒரு பெருமண்டபம். அதற்கு அப்பால் சற்று உயர்ந்த தளத்தில் ஓர் இடைமண்டபம். அதற்கும் உள்ளே ஓர் உள்ளறை. மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை என்று கோயிலை வகுத்தது போலவே அரசனுடைய கொலுமண்டபத்தையும் வகுத்திருக்கிறார்கள். அந்த உள்ளறை இராமர் பீடம் என்று வழங்குகிறது. அரசன் கோயிலில் இருக்கும் தெய்வத்தின் காவலன். அவனுடைய வீடும் அத்தெய்வத்தின் பெயரைத் தாங்கிக் கோயிலின் சாயலிலேயே நிற்கிறது. மாளிகைக்கு அருகில் இராசராசேசுவரி அம்மனின் கோயில் இருக்கிறது. சேதுபதிகளின் குலதெய்வம் அவள். விசயநகரத்தாரின் நவராத்திரிப் பெருவிழா மதுரை வழியாக இங்கே வந்து சேர்ந்தது. மைசூர்ப் படையிடமிருந்து மதுரையைக் காத்துக் கொடுத்ததற்குப் பரிசாக, அவ்விழாவைத் தம்மைப் போலவே கொண்டாடும் உரிமையைத் திருமலை நாயக்கர் அன்றைய சேதுபதிக்கு வழங்கினார் என்பது வரலாற்றாசிரியர் எழுதிவைத்த செய்தி. நவராத்திரி இன்றும் அங்கே நடைபெற்று வருகிறது.

இம்மாளிகையின் உயிர் அதன் சுவர்களில் இருக்கிறது. கிழவன் சேதுபதி 1710-இல் மறைந்தார். அவருக்குப் பின் வந்து 1725 வரை ஆண்ட முத்து விசய இரகுநாத சேதுபதியின் காலத்தில், சுவர்களும் தூண்களும் வளைவுகளும் ஓவியங்களால் நிரப்பப்பட்டன. சுண்ணாம்புப் பூச்சின் மேல் செம்மையும் மஞ்சளும் மேலோங்க எழுதிய ஓவியங்கள். கீழ்த்தளத்தில் தெய்வக் கதைகள் மிகுதி. உள்ளறையில் இராமாயணத்தின் பாலகாண்டம் பட்டை பட்டையாக ஓடுகிறது. தசரதனின் வேள்வி முதல் நிகழ்ச்சிகள் தொடர்ந்து வருகின்றன. படங்களுக்கு அருகே விளக்கம் தமிழில் எழுதப்பட்டிருக்கிறது. சேதுவைக் கட்டிய பெருமானின் கதை சேதுபதியின் அறையில் எழுதப்பட்டதில் வியப்பில்லை. ஆனால் அவர்கள் பாலகாண்டத்தையே விரித்தார்கள் என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. பிறப்பும் கல்வியும் வில்முறிப்பும் திருமணமும் நிறைந்த காண்டம் அது. காடேகும் துயரம் அதில் இல்லை. புதிதாய்த் தழைத்த ஓர் அரச குடும்பம் தன் வீட்டுச் சுவருக்கு மங்கலமான பகுதியைத் தேர்ந்துகொண்டது போலும். இது என் ஊகமே.

அரசர் கதைகளை எழுதிய ஓவியங்கள்தாம் நமக்கு அரிய செல்வம். தமிழ்நாட்டில் கோயிற் சுவர்களில் ஓவியம் காண்பது எளிது. ஓர் அரசனின் அன்றாட வாழ்வையும் அரசியலையும் அவனுடைய வீட்டிலேயே எழுதிவைத்திருப்பதைக் காண்பது மிக அரிது. இங்கே அது கிடைக்கிறது. ஓரிடத்தில் இராசராசேசுவரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் அளிக்கிறாள். இன்னோரிடத்தில் மதுரை நாயக்கர் விசயரங்க சொக்கநாதர் சேதுபதிக்கு இரத்தினாபிடேகம் செய்கிறார். மணிகள் முடிமேல் சொரிகின்றன. பிறிதோரிடத்தில் தஞ்சை மராட்டிய மன்னர் சரபோசியின் படையோடு சேதுபதியின் படை பொருதும் போர்க்களம். தொப்பியும் நீண்ட சட்டையும் அணிந்த ஐரோப்பியர் சேதுபதியின் கொலுவில் வந்து மரியாதையுடன் நிற்கும் காட்சியும் உண்டு. அவர்களை உலாந்தாக்காரர் என்று நம்மவர் அழைத்த டச்சுக்காரர்களாகக் கருதுவார்கள். முத்துக் குளிப்பும் சங்குக் குளிப்பும் நடந்த கரை இது. அந்த வாணிகத்துக்கு ஒப்பந்தம் எழுதிக்கொள்ள அவர்கள் இச்சீமையை நாடி வந்தனர்.

மாடியறைக்கு ஏறினால் அரசியல் ஓய்ந்து, அரசன் மனிதனாகிறான். வேட்டையாடுகிறான், இசை கேட்கிறான், ஆடல் காண்கிறான், மகளிர் சூழப் படகில் உலாவுகிறான். மன்மதனும் இரதியும் ஒருபுறம் இருக்கிறார்கள். பெண்கள் பலர் ஒருவரோடொருவர் பிணைந்து யானையின் வடிவாய் நிற்க, அதன் மேல் கண்ணன் அமர்ந்திருக்கும் ஓவியத்தையும் காணலாம். அக்காலத்து ஆடை எப்படி, அணி எப்படி, இசைக்கருவியை எவ்வாறு பிடித்தார்கள், குதிரைக்கு எவ்வாறு சேணம் பூட்டினார்கள் என்று அறிய விரும்புகிறவனுக்கு நூறு ஏடுகள் தர முடியாத செய்தியை இந்த ஓரறை தரும். சில முகங்கள் நேர்த்தியாக இல்லை. படைவீரர் அனைவரும் ஒரே அச்சில் வார்த்தவர் போல வரிசையில் செல்வர். அதனால் என்ன? சித்தன்னவாசலின் மென்மையை இங்கே தேடுவது, பரணியில் தாலாட்டைத் தேடுவது போன்றது.

இத்தனை ஓவியங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு செய்தி விளங்கும். இச்சுவரில் சேதுபதி எங்கும் உயர்ந்தே இருக்கிறார். தெய்வம் கோல் கொடுக்கிறது; பழைய மேலரசன் மணி சொரிகிறான்; அயலான் கைகட்டி நிற்கிறான்; பகைவன் தோற்கிறான். தன் புகழின் உச்சியில் நின்ற ஓர் அரசு தன்னைத் தானே வரைந்துகொண்ட படம் இது. இது பொய்யன்று. ஆனால் அந்த உச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1725-க்குப் பின் தாயத்தார் பூசல் மூண்டது. 1730-ஐ ஒட்டிச் சீமையின் ஒரு பகுதி பிரிந்து சிவகங்கை என்ற தனியரசாயிற்று. அதன்பின் இதே மாளிகையில், இதே ஓவியங்களின் கீழ் நடந்தவை சுவரில் ஏறவில்லை. அவற்றை ஏடுகளிலும் கும்பெனியாரின் கடிதங்களிலும்தாம் தேட வேண்டும். இராமலிங்க விலாசத்தின் வரலாற்றில் பாதி சுவரில் இருக்கிறது. மறுபாதி சுவருக்கு வெளியே இருக்கிறது.

அம்மறுபாதியின் நாயகர் முத்துராமலிங்க சேதுபதி. 1760-இல் பிறந்து, கைக்குழந்தையாய் இருக்கும்போதே பட்டத்துக்கு உரியவரானவர். 1772-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் படையும் ஜெனரல் ஸ்மித்தின் கும்பெனிப் படையும் சேர்ந்து வந்து இராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தன. பன்னிரண்டு வயதுச் சிறுவரான சேதுபதியையும் அவருடைய தாயாரையும் திருச்சிராப்பள்ளியில் சிறை வைத்தார்கள். ஒன்பது ஆண்டுகள் சென்றன. நாட்டில் கிளர்ச்சி அடங்கவில்லை. வேறு வழியின்றி 1781-இல் அவரைத் திரும்பக் கொண்டுவந்து பட்டத்தில் இருத்தினார்கள். சிறையில் வளர்ந்து இளைஞராய் வெளிவந்த அவர் தம் ஆட்சியில் முதன்மையாகக் கருதியது எதை என்று நினைக்கிறீர்கள்? தண்ணீரை.

இராமநாதபுரம் சீமை மழையை நம்பி வாழும் பூமி. வைகை அங்கே வந்து சேரும்போது பெரும்பாலும் மணலாய்த்தான் வந்து சேரும். வரும் நீரை விடாமல் தேக்கிவைப்பதற்காகவே கண்மாய்கள் வெட்டினார்கள். “நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை” என்று இராசசிங்கமங்கலம் கண்மாயை மக்கள் சொல்வது, அதன் அகலத்தை வியந்து மட்டுமன்று. அதை நம்பிய வயிறுகளை எண்ணியுந்தான். இந்நிலையில், மலையாள மலைகளில் பிறந்து மேற்கே கடலில் வீணாய்க் கலக்கும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பி வைகையில் விட்டால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. சேதுபதியின் பிரதானியாகிய முத்திருளப்ப பிள்ளை 1789-ஆம் ஆண்டில், வகை தெரிந்த ஆட்கள் சிலரை மலைக்கு அனுப்பி இடம் பார்த்துவரச் செய்தார். செய்யலாம் என்று அவர்கள் வந்து கூறினர். பொருள்தான் போதவில்லை. திட்டம் நின்றது. நூறாண்டுக்கு மேல் சென்ற பிறகு 1895-இல் பெரியாற்று அணை முடிந்தபோது, பென்னிகுயிக்கின் பெயரை நாடு வாழ்த்தியது. வாழ்த்தியது முறையே. அந்த மலைக்கு முதலில் ஆளனுப்பிய இராமநாதபுரத்துப் பிரதானியின் பெயரையும் அதனோடு சேர்த்துச் சொல்வது நம் கடமை. இரத்தினாபிடேகம் சுவரில் இருக்கிறது. மலைமேல் நீர் தேடிச் சென்றவர்களின் படம் இல்லை.

நீரைத் தேடியவருக்கு நிம்மதி கிடைக்கவில்லை. சீமையில் நெய்யப்பட்ட துணியைத் தம் விலைக்கே வாங்கக் கும்பெனியார் விரும்பினர். சுங்க உரிமையைச் சேதுபதி விட்டுக்கொடுக்கவில்லை. சிவகங்கையாருடன் பூசலும் மூண்டிருந்தது. 1795 பிப்ரவரி 8-ஆம் நாள் கும்பெனியார் அவரைப் பதவி நீக்கிச் சிறைப்படுத்தினர். அவர் மீண்டும் இராமநாதபுரத்தைக் காணவில்லை. 1809-இல் சென்னையில், சிறையிலேயே உயிர் நீத்தார். வாழ்ந்த நாற்பத்தொன்பது ஆண்டுகளில் இருபத்து மூன்று ஆண்டுகள் சிறையில் கழிந்தன.

இனி, தமிழ்நாடு முழுதும் அறிந்த ஒரு நிகழ்ச்சிக்கு வருகிறேன். 1959-இல் வெளிவந்த திரைப்படத்தில் சிவாஜி கணேசன் வீரபாண்டிய கட்டபொம்மனாய் நின்று ஜாக்சன் துரையை எதிர்த்துப் பேசியதைக் கேட்டு மெய்சிலிர்க்காதவர் சிலர். அந்தச் சந்திப்பு நிகழ்ந்தது இராமநாதபுரத்தில், 1798 செப்டம்பரில். இராமலிங்க விலாசத்திலேயே அது நடந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. அங்கு வருவோரில் மிகப் பலர் கேட்பதும், “கட்டபொம்மன் நின்ற இடம் எது?” என்பதுதான்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கப்பம் பாக்கி என்று கூறி, கலெக்டர் ஜாக்சன் தம்மை இராமநாதபுரத்தில் வந்து காணுமாறு பாஞ்சாலங்குறிச்சியாருக்கு ஓலை அனுப்பினார். அவர் காண வந்தபோதோ, ஜாக்சன் சுற்றுப்பயணத்தில் இருந்தார். குற்றாலத்தில் காணலாம் என்றால் அங்கே காட்சி தரவில்லை. அடுத்த ஊரிலும் இல்லை. அதற்கடுத்த ஊரிலும் இல்லை. இப்படி இருபத்து மூன்று நாட்கள், ஏறக்குறைய 400 மைல், ஒரு பாளையக்காரரைத் தம் பின்னால் அலையவைத்து, கடைசியில் இராமநாதபுரத்தில் முகம் கொடுத்தார். உட்கார இடம் தராமல் நிற்கவைத்தே கணக்குக் கேட்டார். அவரைப் பிடித்து அடைக்கப் போகிறார்கள் என்ற ஐயம் எழுந்தது. கோட்டை வாசலில் கைகலப்பு மூண்டது. லெப்டினன்ட் கிளார்க் என்ற கும்பெனி அதிகாரி உயிரிழந்தார். கட்டபொம்மன் தப்பினார், அவருடைய எழுத்துப் பிள்ளை சுப்பிரமணிய பிள்ளை அகப்பட்டுக்கொண்டார். கும்பெனி அரசாங்கமே பின்னர் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அக்குழு ஜாக்சனின் நடத்தையைக் குறைகூறியது. பிள்ளை விடுதலை பெற்றார். ஜாக்சன் பதவி இழந்தார். ஆனால் அடுத்த ஆண்டே பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது. 1799 அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார்.

இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் நான் எழுப்பும் வினா ஒன்று உண்டு. அன்று அந்த மாளிகைக்கு உடையவர் எங்கே? அவர் மூன்றாண்டுகளாகக் கும்பெனியாரின் சிறையில் இருந்தார். ஒரு மன்னரைச் சிறையில் வைத்துவிட்டு, அவருடைய கொலுமண்டபத்தில் நாற்காலியிட்டு அமர்ந்து, மற்றொரு பாளையத் தலைவரை நிற்கவைத்து விசாரித்தார் கலெக்டர். மேலே சுவரில் ஐரோப்பியர் கைகட்டிச் சேதுபதியின் முன் நிற்கிறார்கள். கீழே தரையில் ஐரோப்பியர் அமர்ந்திருக்கிறார், தமிழர் நிற்கிறார். இடையே எழுபது எண்பது ஆண்டுகளே சென்றிருந்தன. நாடகாசிரியன் கற்பனை செய்திருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக அமைத்திருக்க மாட்டான். திரைப்படம் பார்த்தவர்கள் கட்டபொம்மனை நினைக்கிறார்கள். அந்த மண்டபத்தில் இல்லாத முத்துராமலிங்க சேதுபதியையும் நினைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அவருடைய குடிகள் மறக்கவில்லை. 1799-இல் முதுகுளத்தூர்ப் பகுதியில் மயிலப்பன் சேர்வைகாரர் தலைமையில் எழுந்த கிளர்ச்சி, சிறையிலிருந்த தம் மன்னரை நினைந்து எழுந்ததே.

உலகின் மறுகோடியில் இதைப் போன்ற ஒரு வீடு உண்டு. மெக்சிக்கோ நாட்டில் பெருநிலக்காரரின் பண்ணை மாளிகைகளை அசியெந்தா என்பார்கள். மொரேலோசு மாநிலத்தில் சினமேகா என்ற சிற்றூரில் அத்தகைய மாளிகை ஒன்றிருக்கிறது. உழுதவனுக்கே நிலம் என்று போராடிய எமிலியானோ சபாட்டாவை, தம் படையோடு அவர் பக்கம் சேர்ந்துவிடுவதாக நடித்த குவஹார்தோ என்ற படைத்தலைவன், பேச வருமாறு அங்கே அழைத்தான். 1919 ஏப்ரல் 10-ஆம் நாள் சபாட்டா வாசலை நெருங்கியபோது, மரியாதை செய்ய நின்ற காவலர்கள் அதே துப்பாக்கிகளால் அவரைச் சுட்டு வீழ்த்தினர். அந்த மாளிகை இப்போது பொருட்காட்சி நிலையம். வாசற்சுவரில் பாய்ந்த குண்டுகளின் தழும்பை வருவோருக்குக் காட்டுகிறார்கள். பேச அழைத்துப் பிடிக்கும் வழக்கம் எல்லா நாட்டு ஆதிக்கக்காரருக்கும் பொது போலும். இரண்டு வீடுகளுக்கும் வேறுபாடும் உண்டு. அசியெந்தா, உழவரின் நிலத்தை விழுங்கி வளர்ந்த பண்ணை வீடு. இராமலிங்க விலாசமோ ஒரு நாட்டின் அரச மண்டபமாய்ப் பிறந்து, பின்னால் பண்ணை வீட்டின் நிலைக்குத் தாழ்த்தப்பட்டது.

தாழ்த்தியவர்களும் கும்பெனியாரே. 1803-இல் முத்துராமலிங்க சேதுபதியின் தமக்கையார் மங்களேசுவரி நாச்சியாருக்குச் சனது வழங்கி, சேதுநாட்டை நிரந்தர ஜமீனாக ஆக்கினார்கள். கோட்டையும் படையும் போயின. பேஷ்குஷும் கணக்கும் மிஞ்சின. அதன்பின் ஒரு நூற்றாண்டு, தூதர்கள் வந்த வாசலில் வக்கீல்கள் வந்தார்கள். கணவனின் முன் அனுமதியின்றி இராணி பர்வதவர்த்தனி நாச்சியார் 1847-இல் செய்துகொண்ட சுவீகாரம் செல்லுமா என்ற வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1868-இல் செல்லும் என்று முடிந்தது. தென்னாட்டில் விதவை, நெருங்கிய தாயாதிகளின் இசைவோடு சுவீகாரம் செய்துகொள்ளலாம் என்ற நியாயம் அவ்வழக்கில்தான் உறுதிப்பட்டது. சட்டம் படிப்பவர்கள் இன்றும் இராமநாதபுரம் வழக்கு என்று இதைப் படிக்கிறார்கள். அவர்களுள் எத்தனை பேருக்கு இராமநாதபுரம் எங்கே இருக்கிறது என்று தெரியுமோ, நான் அறியேன்.

ஜமீன் காலத்தைப் பற்றி இகழ்ச்சியாகவே பேசிவிடுவதும் நேர்மையாகாது. ஆறுமுக நாவலரின் பதிப்புப் பணிக்குத் துணை நின்ற பொன்னுச்சாமித் தேவர் இவ்வீட்டோடு உறவுடையவர். அவருடைய மைந்தர் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது, பாசுகர சேதுபதியின் ஆதரவு அதற்கு இருந்தது. விவேகானந்தர் 1893-இல் சிகாகோ சென்றதற்கு ஊக்கமளித்தவரும், 1897 சனவரி 26-ஆம் நாள் அவர் பாம்பனில் கரையேறியபோது வரவேற்றவரும் பாசுகர சேதுபதியே. கொடுத்துக் கொடுத்துக் கடனாளியாகி, 1903-இல் முப்பத்தைந்து வயதில் அவர் மறைந்தார். கொடுத்தது யாருடைய பணம் என்று கேட்கிறவர்களும் உண்டு. கேட்கலாம், வானம் பார்த்த பூமியில் வரி கட்டிய குடியானவனுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை நிச்சயமாக உண்டு.

1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன் முறையை ஒழித்தது. நிலம் போயிற்று, வீடு நின்றது. சண்முக ராசேசுவர சேதுபதி 1950-களில் காமராசரின் அமைச்சரவையில் ஓர் அமைச்சராய் இருந்தார் என்பதைச் சொன்னால் காலம் மாறிய வேகம் விளங்கும். மாவட்டத்துக்கு இராமநாதபுரத்தின் பெயர் இருந்தும், 1985-இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரையில் கலெக்டர் அலுவலகம் மதுரையில்தான் இருந்தது. தலைநகராய் இருந்த ஊர் தன் பெயரைக் கொடுத்துவிட்டுத் தான் ஒதுங்கி இருந்தது. 1970-களின் இறுதியில் தமிழ்நாட்டு அரசின் தொல்பொருள் ஆய்வுத் துறை இராமலிங்க விலாசத்தைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. இப்போது அங்கே படைக்கலங்களும் சிலைகளும் கல்வெட்டுகளும் வைக்கப்பட்டிருக்கின்றன.

பாதுகாப்பு என்ற சொல்லில்தான் இன்றைய கவலை இருக்கிறது. ஓவியத்துக்குப் பகைவர் மூவர். முதலாவது, ஈரம், கூரையில் ஒழுகும் நீர் சுண்ணாம்பின் உள்ளே புகுந்து, மேற்பூச்சை வண்ணத்தோடு தள்ளிவிடும். இரண்டாவது, கடற்கரை நாட்டின் உப்பு. அது ஈரத்தோடு கூடி உள்ளிருந்தே அரிக்கும். இவ்விரண்டையும் கற்றவர்கள் ஓரளவு தடுக்க முடியும். மூன்றாவது பகைவன் ஆணியோடு வருகிறவன். தன் பெயரையும் தன் மனத்துக்கு உகந்தவளின் பெயரையும் முத்து விசய இரகுநாதரின் முகத்தின் மேல் கீறிவிட்டுப் போகிறவன். அவனுக்கு மருந்து எந்த ஆய்வுக் கூடத்திலும் இல்லை.

எனக்குப் பெரிதும் கவலை தருவது படங்களைவிட அவற்றின் அருகே உள்ள எழுத்துகள். ஒரு முகம் பாதி அழிந்தாலும் கண் தேர்ந்தவர் அது யாருடையதென்று ஊகித்துவிடுவார். ஒரு வரி எழுத்து உதிர்ந்துவிட்டால், போரிடுகிறவர் யார், பரிசு தருகிறவர் யார் என்பது என்றைக்கும் வெறும் ஊகமாய்ப் போய்விடும். எழுத்து இருக்கும் வரையில்தான் அது வரலாறு. உதிர்ந்த பின் அலங்காரம். இருக்கும் ஒவ்வோர் எழுத்தையும் படியெடுத்து, ஒவ்வொரு சுவரையும் அளந்து படம் பிடித்து, எவரும் பார்க்கக்கூடிய நூலாக வெளியிடுவது கோபுரம் கட்டுவதைவிடக் குறைந்த செலவில் ஆகும் காரியம்.

அங்கே போகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். கட்டபொம்மன் நின்ற இடத்தைத் தேடுமுன் சிறிது நேரம் பெருமண்டபத்தின் நடுவில் நில்லுங்கள். கண் இருளுக்குப் பழகட்டும். பிறகு உள்ளறைக்குச் சென்று பாலகாண்டத்தைப் பாருங்கள். அதன்பின் மாடிக்கு ஏறுங்கள். சுவரைத் தொடாதீர்கள், உடன் வரும் பிள்ளைகளையும் தொடவிடாதீர்கள். இறங்கி வரும்போது, இத்தனை சேதுபதிகளில் முத்துராமலிங்க சேதுபதி எங்கே என்று தேடத் தோன்றும். அவர் பிறப்பதற்கு முன்பே இந்த ஓவியங்கள் எழுதி முடிந்துவிட்டன. அவரைக் காண விரும்புகிறவர்கள் மீண்டும் இராமேசுவரத்துக்கு வண்டியேற வேண்டும். 1,212 தூண்கள் வரிசையிட்ட மூன்றாம் பிராகாரம் அவருடைய காலத்தில் எழுந்தது. அதன் மேற்கு வாயிலில் அவர் கல்லுருவில் நிற்கிறார். அவரோடு இரு பிரதானிகள் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் முத்திருளப்ப பிள்ளை.